செத்த இணைப்பு குற்றமில்லை

அத்தியாயம் 17

லீவு வேண்டும் என்று மருமகள் தான் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடைக்குப் போன் செய்தபோது, "யாருக்கு உடம்பு சரியில்லை?" என்று முதலாளி கேட்டார். வலைப்பூவுக்கு என்று சொல்லவா முடியும்? மாமனாருக்கு என்றாள். அதுவும் முழுப் பொய்யில்லை.

ஒரு வாரமாக மாமாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. போன திங்கட்கிழமை வந்த எச்சரிக்கையை அச்செடுத்து, நான்காக மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குள்ளேயே அலைகிறார். எடுத்து எடுத்துப் படித்ததில் தாள் மடிப்போடு கிழிந்துவிட்டது. எத்தனை தடவை படித்தாலும் அதில் இருந்தது அதேதான்: உங்கள் வலைப்பூவில் ஏற்கத்தகாத வெளி இணைப்புகள் உள்ளன. வரும் திங்கள் மாலை ஆறு மணிக்குள் அவற்றை எடுக்காவிட்டால் வலைப்பூ நீக்கப்படும்.

அந்தத் திங்கள்தான் இன்று விடிந்திருக்கிறது.

வலைப்பூ மாமாவுடையது அல்ல, அவர் மகனுடையது. மருமகளின் கணவன் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் தையல் மெஷின் மெக்கானிக். 'ஊசி உடைந்தால்' என்று பெயர் வைத்து, இலவசமாக இடம் கொடுக்கும் ஒரு நிறுவனத்தில் ஒன்பது வருஷம் எழுதினான். நூல் ஏன் அறுகிறது, பெல்ட் ஏன் வழுக்குகிறது என்று இருநூற்றுப் பதினான்கு கட்டுரைகள். வாசகர்களுக்கு அவன் 'ஊசிக்காரர்'. இரண்டு வருஷத்துக்கு முன்பு ஒரு மெஷினைத் திறந்து வைத்து வேலை செய்துகொண்டிருந்தபோது மின்சாரம் தாக்கிச் செத்துப்போனான்.

சுவிட்சை நிறுத்தாமல் கை வைத்துவிட்டான், அவன் கவனக்குறைவு என்று தொழிற்சாலையில் எழுதி முடித்துவிட்டார்கள். 'மெஷினைத் திறக்கும் முன் மின்சாரத்தை நிறுத்து' என்று கட்டுரை எழுதியவனாயிற்றே என்று மருமகள் கேட்டதற்கு, "ஊருக்குத்தாம்மா உபதேசம்" என்றார் சூப்பர்வைசர். அந்தச் சொல் இன்னும் அவளை விடவில்லை. அதைவிடக் கொடுமை, சில நாள் அவளே அதை நம்பியிருக்கிறாள்.

காலை எட்டு மணிக்கு நாத்தனார் பையும் மடிக்கணினியுமாக வந்து இறங்கினாள். தண்ணீர் சுத்திகரிக்கும் கருவி விற்கும் கம்பெனியில், வாடிக்கையாளர்களின் புகாரைப் போனில் கேட்பது அவள் வேலை. விதிமுறைகளைப் படித்துப் படித்து, இன்னொருவன் எழுதிய விதியையும் வாசனை பிடித்துவிடுவாள்.

"முதல்ல எழுத்தையெல்லாம் காப்பி எடுத்துடறேன் அண்ணி. என்ன ஆனாலும் அண்ணன் எழுதினது பத்திரமா இருக்கும்."

"எழுத்து வேற, விலாசம் வேற" என்றார் மாமா, சுவரைப் பார்த்துக்கொண்டே. "வீட்டைக் காலி பண்ணி சாமானைக் கொண்டுபோய் உன் வீட்டுல வச்சுட்டா, அவனுக்கு வர்ற கடிதம் உன் வீட்டுக்கா வரும்?"

முப்பத்தாறு வருஷம் தபால் பிரித்த மனிதர். ஆள் கைக்குச் சேராமல் ஒரு கடிதம் திரும்பி வந்தால் அன்றைக்கு அவருக்குத் தூக்கம் கிடையாது. அந்தக் குணம்தான் இன்று எல்லோரையும் சாப்பாட்டு மேஜையைச் சுற்றி உட்கார வைத்திருக்கிறது.

நாத்தனார் விதிப் பக்கத்தைத் திறந்து மூக்குக்கு நேராக வைத்துக்கொண்டாள்.

"ஒருத்தர் மெஷினைக் கழட்டிப் போட்டுட்டு அண்ணன் கட்டுரையைப் படிக்கறார்னு வச்சுக்குங்க. அந்த நேரத்துல அவருக்கு உதவுற லிங்க் இருக்கலாம். உதிரி பாகத்தோட படம், கம்பெனி போட்ட கையேடு, வேற மெக்கானிக் எழுதினது, எதுவானாலும் சரி. படிக்கறவருக்காக இல்லாம, எவனோ ஒருத்தன் கடை தேடல்ல மேல வரட்டும்னு வச்சிருந்தா கூடாது. நீ என்னைப் போடு நான் உன்னைப் போடறேன்னு வச்சதும் கூடாது. ஒண்ணைக் காட்டிட்டு இன்னொண்ணுக்கு இழுத்துட்டுப் போறது கூடவே கூடாது."

"நம்ம கட்டுரையில அப்படியெல்லாம் எதுவும் இருக்காதே" என்றாள் மருமகள்.

நாத்தனார் ஒரு கட்டுரையைத் திறந்தாள். பாபினில் நூல் சுற்றுவது பற்றியது. 'பாபின்' என்ற சொல்லைத் தொட்டாள். முடி வளரும் எண்ணெய் விற்கும் பக்கம் திறந்தது. அடுத்த கட்டுரையில் 'பெல்ட்' என்பதைத் தொட்டால் வீடு மாற்றித் தருகிறவர்கள் வந்து நின்றார்கள். 'எண்ணெய் விடும் துளை' நேராகச் சீட்டாட்டத்துக்குப் போயிற்று.

"அப்பா, இதெல்லாம் அண்ணன் வச்சதா?"

மாமா தலையைக் குனிந்துகொண்டார். பிறகு விஷயத்தைச் சொன்னார்.

மகன் போன மூன்றாம் மாதம், அவன் கணினியில் திறந்தபடியே இருந்த அந்த வலைப்பூவை அவர் முதல்முறையாக முழுக்கப் படித்திருக்கிறார். மகன் வைத்திருந்த இணைப்புகளில் பல செத்துப் போயிருந்தன. கம்பெனிகள் மூடிவிட்டன, பக்கங்கள் மாறிவிட்டன. தொட்டால் 'பக்கம் இல்லை' என்று வரும். திரும்பி வந்த கடிதங்கள் மாதிரி அவை அவருக்குப் பட்டன. அந்தச் சமயத்தில்தான் ஒவ்வொன்றாக மின்னஞ்சல் வர ஆரம்பித்தது. 'அன்புள்ள ஊசிக்காரரே, உங்கள் அருமையான கட்டுரையில் ஓர் இணைப்பு வேலை செய்யவில்லை. அதற்குப் பதிலாக எங்கள் பக்கத்தைக் கொடுக்கலாமே.' செத்த இணைப்பைத் தேடிக் கண்டுபிடித்து, அந்த இடத்தில் தன் கடையை நுழைப்பதையே பிழைப்பாக வைத்திருக்கிறவர்கள் உலகத்தில் உண்டு என்று மாமாவுக்கு எப்படித் தெரியும்? எவ்வளவு மரியாதையான பிள்ளைகள் என்று நினைத்து, கேட்டவர்களுக்கெல்லாம் மாற்றிக் கொடுத்திருக்கிறார்.

"எங்கே போகுதுன்னு ஒரு தடவையாவது பார்த்தீங்களா?" என்றாள் நாத்தனார்.

"திறக்குதான்னு பார்த்தேன். திறந்துச்சு."

"உள்ள என்ன இருந்துச்சு?"

"உள்ள இருக்கறதை நாம படிக்கக் கூடாதும்மா. விலாசம் சரியான்னு பாக்கறதோட நம்ம வேலை முடிஞ்சுது."

நாத்தனாருக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. மாமா கிழிந்த தாளை மேஜைமேல் வைத்துத் தடவிக்கொண்டிருந்தார்.

"வேலை செய்யாத லிங்க்கை அப்படியே வச்சிருந்தா என்ன பண்ணுவாங்க?" என்று கேட்டார்.

அவள் தேடிப் படித்தாள். வேலை செய்யாத இணைப்புகள் விதிமீறலாகக் கருதப்பட மாட்டா.

"செத்த லிங்க் குத்தமில்லப்பா. அப்படியே விட்டிருக்கலாம்."

"அப்படியே விட்டிருக்கலாமா" என்று மாமா திருப்பிச் சொன்னார்.

எதையெதை மாமா மாற்றினார் என்பதற்குக் கணக்கு எதுவும் இல்லை. மின்னஞ்சல்களைப் பார்த்துத்தான் பிடிக்க வேண்டும். நாத்தனார் கட்டுரைப் பக்கத்தில் உட்கார, மருமகள் தன் கணவனின் அஞ்சல் பெட்டியைத் திறந்து, 'அனுப்பியவை' என்ற இடத்துக்குப் போனாள். அவன் போன பிறகு அவள் அதைத் தொட்டதில்லை.

முதல் பதிலைப் படித்தாள். 'நண்பருக்கு வணக்கம். தங்கள் கடிதம் கண்டு மகிழ்ச்சி. நீங்கள் சொன்னபடி இணைப்பை மாற்றிவிட்டேன். நான் நலம். மனைவியும் நலம். இப்படிக்கு, ஊசிக்காரன்.'

ஏதோ பழைய பதில் என்று நினைத்தாள். தேதியைப் பார்த்தாள். அவன் செத்து ஐந்து மாதம் கழித்து எழுதியது.

இரண்டாவதும் அப்படியே. பத்தாவதும் அப்படியே. மழைக்காலம் என்றால் 'இங்கே நல்ல மழை' என்று ஒரு வரி கூடுதல். அறுபத்தொரு கடிதத்திலும் அவன் உயிரோடு இருந்தான், அவளும் நலமாக இருந்தாள்.

"மாமா" என்றாள். குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. "மனைவியும் நலம்னு யாரைக் கேட்டு எழுதினீங்க?"

மாமா எழுந்து நின்றுவிட்டார்.

"செத்துட்டான்னு எழுதினா அடுத்த கடிதம் வராதேம்மா."

"அவங்க யாரும் அவருக்கு எழுதல. ஆயிரம் பேருக்கு ஒரே கடிதம். பேரை மட்டும் மாத்திப் போட்டு அனுப்பறாங்க."

"அவன் பேருதானே போட்டிருக்கு."

அவளுக்கு நெஞ்சு எரிந்தது.

"ரெண்டு வருஷமா நான் எப்படி இருக்கேன்னு இந்த வீட்டுல என்னை யாராவது ஒரு வார்த்தை கேட்டீங்களா மாமா? முடி எண்ணெய் விக்கறவனுக்குப் போய் நான் நலம்னு எழுதியிருக்கீங்க."

நாத்தனார் "அண்ணி, நேரமாகுது" என்று மெதுவாகச் சொன்னாள். மாமா பின்கட்டுக்குப் போய், காய்ந்திருந்த துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து மடித்து, மறுபடி உதறி மடித்துக்கொண்டிருந்தார்.

வேலை நடந்தது. மருமகள் கடிதத்தைப் பார்த்து எந்தக் கட்டுரை என்று சொல்ல, நாத்தனார் இணைப்பைத் திறக்க, "படிக்கறவருக்கு வேணுமா?" "வேணாம்", தூக்கு. நடுவே நாலைந்து நல்லவையும் வந்தன. உண்மையிலேயே பழைய கையேடு ஒன்றை யாரோ நல்ல மனிதர் அனுப்பியிருந்தார். அதை விட்டுவைத்தார்கள். கடையில் கண் பரிசோதிக்க வருகிறவர்களிடம் நாள் முழுக்க, "இது தெளிவா, அது தெளிவா?" என்று கேட்கிற வாய் அவளுடையது. அடிவரிசையில் இருக்கும் கடுகு எழுத்தைக்கூட எதிரே உட்கார்ந்தவர் சரியாகப் படிக்கும்வரை விடமாட்டாள். அன்று அவளுக்கு எதையும் நின்று பார்க்கப் பொறுமையில்லை. கண்ணில் நீர் வேறு கோத்துக்கொண்டு நின்றது.

நாற்பத்து மூன்றாவது கடிதத்தின் முறை மதியம் ஒன்றரை மணிக்கு வந்தது. சின்னக் கடிதம். எழுதியவர் பெயர் இல்லை. 'மின்சாரத்தை நிறுத்துவது பற்றிய கட்டுரையில் இந்த இணைப்பையும் சேர்க்கவும். அவசியம் பார்க்கவும்.' மாமா வழக்கம்போலச் சேர்த்துவிட்டு, நான் நலம், மனைவியும் நலம் என்று பதில் எழுதியிருந்தார்.

அந்தக் கட்டுரையா? சூப்பர்வைசர் சொன்னது மறுபடி காதில் விழுந்தது: ஊருக்குத்தாம்மா உபதேசம்.

நாத்தனார் இணைப்பைத் திறந்தாள். கோடு போட்ட ஒரு தாளைச் சாய்வாகப் பிடித்து எடுத்த போட்டோ. பொடிப்பொடியாக மணிக்கணக்கு, பக்கத்தில் கையெழுத்துகள்.

"என்ன அண்ணி இது?"

"ஏதோ ஷிப்ட் தாள்."

"மெஷினைப் பத்தி ஏதாவது இருக்கா?"

"ஒண்ணும் இல்ல."

"படிக்கறவருக்கு வேணுமா?"

"யாருக்கு வேணும் இது? தூக்கு. அந்தக் கட்டுரையை மூடு முதல்ல."

நாத்தனார் தூக்கினாள்.

ஐந்தேகாலுக்கு வேலை முடிந்தது. திருத்திவிட்டோம், பாருங்கள் என்று நிறுவனத்துக்கு எழுதி அனுப்பினார்கள். "ஆள் வச்சுப் பாப்போம்பாங்க. எவனோ ஒருத்தன் இருபது செகண்ட் பாப்பான், அவ்வளவுதான் நம்ம தலையெழுத்து" என்றாள் நாத்தனார், அனுபவத்தோடு. மூன்று பேரும் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மாமா மட்டும் சுவர்க்கடிகாரத்தையும் பார்த்தார்.

ஆறுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது பதில் வந்தது. 'மறு ஆய்வு முடிந்தது. உங்கள் வலைப்பூவில் இப்போது ஏற்கத்தக்க இணைப்புகள் மட்டுமே உள்ளன. நன்றி.'

நாத்தனார் அப்பாவைக் கட்டிக்கொண்டாள். மாமா, "பொழைச்சுக்கிச்சா? பொழைச்சுக்கிச்சா?" என்று இரண்டு தடவை கேட்டார். ஆஸ்பத்திரி வாசலில் இரண்டு வருஷத்துக்கு முன்பு இதையேதான் கேட்டார். அன்றைக்குக் கிடைக்காத பதில் இன்றைக்குக் கிடைத்தது. மருமகளுக்குக் கோபமெல்லாம் இறங்கி, "சாப்பிடுங்க மாமா, தட்டு வைக்கறேன்" என்று எழுந்தாள்.

எழுந்தவள் கண்ணில், அந்தப் பதிலுக்குக் கீழே இன்னும் திறக்காத இன்னொரு கடிதம் பட்டது. நாலரை மணிக்கு வந்தது. வேலை மும்முரத்தில் யாரும் கவனிக்கவில்லை. நின்றபடியே படிக்க ஆரம்பித்தாள்.

'வீட்டாருக்கு,

அவர் பெயரில் பதில் எழுதுவது யார் என்று எனக்குத் தெரியாது. அவர் விழுந்ததை நான் கண்ணால் பார்த்தவள். ஒரு வருஷம் முன்பு அந்த இணைப்பை அனுப்பினேன். நான் நலம், மனைவியும் நலம் என்று அவர் பெயரில் பதில் வந்தபோது பயந்துபோனேன். பிறகு, யாருக்கும் சந்தேகம் வரக் கூடாது என்று ஜாடையாகப் பதில் சொல்கிறீர்கள் என்று எடுத்துக்கொண்டேன். அவர் கட்டுரையிலேயே அதைப் போட்டுவிட்டீர்கள். நேரம் பார்த்து என்னைக் கூப்பிடுவீர்கள் என்று தினமும் அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்று மதியச் சாப்பாட்டு நேரத்தில் பார்த்தேன். எடுத்துவிட்டீர்கள். உங்களுக்கு என்ன நெருக்கடியோ, நான் குறை சொல்லவில்லை. வேண்டாம் என்று நீங்களே முடிவு செய்த பிறகு நான் மட்டும் ஏன் பயந்து சாக வேண்டும்? நானும் அந்தத் தாளை எடுத்துவிட்டேன். இதை அனுப்பிவிட்டு இந்த முகவரியையும் மூடிவிடுவேன்.

அவர் சுவிட்சை நிறுத்திவிட்டுத்தான் மெஷினைத் திறந்தார். நிறுத்திய நேரமும், மறுபடி போட்ட நேரமும், போட்டவர் கையெழுத்தும் அந்தத் தாளில் இருந்தன.

மூன்றாம் லைன்.'

நாத்தனார் அவள் தோளுக்குப் பின்னால் நின்று படித்துவிட்டு, கணினியை இழுத்தாள். பழைய கடிதத்தில் இருந்த இணைப்பைத் தொட்டாள். பக்கம் இல்லை. கணினியில் ஏதாவது தங்கியிருக்குமா என்று துழாவினாள். விலாசம் மட்டும் இருந்தது. மருமகள், 'அம்மா, எங்களுக்குத் தெரியாது, தயவுசெய்து பேசுங்கள்' என்று பதில் எழுதி அனுப்பினாள். அரை நிமிஷத்தில் அது திரும்பி வந்துவிட்டது. அப்படி ஒரு முகவரி இல்லை.

"விலாசம் தப்பாம்மா?" என்றார் மாமா.

"விலாசம் சரிதான் மாமா. ஆள் இல்லை."

அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். கையில் இருந்ததைத் தானே எறிந்துவிட்டாள். இரண்டு வருஷம் அவள் ஏறாத கோயிலில்லை, கேட்காத ஆளில்லை. அவன் தப்பு செய்யவில்லை என்று சொல்லும் ஒரே தாள், ஒரு வருஷமாக அவன் கட்டுரையிலேயே, அவன் எழுதிய சொல்லுக்கு அடியிலேயே இருந்தது. யாருக்கு வேணும் இது என்று அவள் வாயால்தான் சொன்னாள். ஊரார் கண்ணையெல்லாம் சோதித்தவளுக்குத் தன் கண் குருடாகிப் போயிற்று. அழுகை வரவில்லை.

"மூணாவது லைன்ல எத்தனை பேர் உக்காந்து தைக்கறாங்க அண்ணி?"

"நாப்பது பேர்."

"போய்க் கேட்டா?"

"யாருன்னு கேக்கறது? கேட்ட அன்னிக்கே அவ வேலை போயிடும். நாமளே காட்டிக் குடுத்த மாதிரி."

பிறகு மருமகள் எழுந்து, கணினிக்கு முன்னால் உட்கார்ந்து, காலையிலிருந்து பார்க்கப் பயந்த அந்தக் கட்டுரையைத் திறந்தாள். முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படித்தாள். 'மின்சாரத்தை நிறுத்து' என்ற சொற்களின் மேல் அந்தப் பழைய இணைப்பை மறுபடி வைத்தாள்.

"அது எங்கேயும் போகாதேம்மா" என்றார் மாமா.

"தெரியும் மாமா. அவ நாளைக்கு ஒரு தடவை இந்தப் பக்கத்தைப் பாத்தா, திரும்ப இருக்கறது தெரியும்."

"இனிமே பாக்கமாட்டாளோ என்னவோ."

"பாக்கமாட்டாளாத்தான் இருக்கும்."

"மறுபடி ப்ளாக்கை மூடிட்டா?" என்றாள் நாத்தனார்.

"நீதானே படிச்சுச் சொன்னே. செத்த லிங்க் குத்தமில்லன்னு."

மாமா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கட்டுரைக்குக் கீழே நாலு வரி எழுத வேண்டும் என்றார். ஒற்றை விரலால் எழுத்தைத் தேடித் தேடி அடித்தார். 'ஊசிக்காரன் இரண்டு வருஷத்துக்கு முன்பே இறந்துவிட்டான். அவன் பெயரில் எழுதியது அவன் அப்பா. யார் எதை அனுப்பினாலும் நான் உள்ளே படித்ததில்லை. அது என் தப்பு. நான் நலமாக இல்லை.'

அங்கே விரலை நிறுத்திவிட்டு, முதல்முறையாக அவள் முகத்தைப் பார்த்தார்.

"உன்னைப் பத்தி என்னம்மா எழுதட்டும்?"

அவள் பதில் சொல்ல வாயைத் திறந்தாள். மாமா விரலைத் தூக்கியபடியே காத்துக்கொண்டிருந்தார்.